ஆறு இதழ் மூக்குத்தி

மாமி,

இன்று காலையில் உங்கள் பேத்தி பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கு உறை போடுகிறேன் என்று விறாந்தை முழுவதும் பழுப்புத் தாளைப் பரப்பி வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு சிரட்டையில் விளாத்திப் பிசின் ஊறிக்கொண்டிருந்தது. கிணற்றடியிலிருந்து வந்த நான், அந்த மணம் பட்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டேன். பிள்ளை திகைத்துப் போனாள். பிசினைப் பார்த்துச் சிரிக்கிற தாயை அவள் இதற்கு முன் கண்டதில்லை. நீங்கள் இருந்திருந்தால் அறைக்குள் இருந்தபடியே, "கொம்மாவைக் கேளாதை, அவ சொல்லமாட்டா. என்னட்டை வா, நான் சொல்லுறன்" என்று கூப்பிட்டிருப்பீர்கள்.

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இருந்த காலத்தில் உங்களுக்குக் கடிதம் எழுதும் தேவை எனக்கு வரவில்லை. ஒரே வீடு, ஒரே குசினி, ஒரே அம்மி. உங்களுக்கு வருகிற கடிதங்களை வாசித்துக் காட்டியவள் மட்டும் நான்தான். கொழும்பிலிருந்து உங்கள் சின்ன மகன் எழுதுவதை ஒருதரம் வாசித்தால் உங்களுக்குப் போதாது. "இன்னொருக்கா வாசி பிள்ளை. முதல் தரம் என்ன எழுதியிருக்கிறான் எண்டு கேட்டனான். இப்ப எப்பிடி எழுதியிருக்கிறான் எண்டு கேக்கோணும்" என்பீர்கள். இதையும் எழுதி முடித்தபின் இரண்டுதரம் வாசித்துவிட்டுத்தான் மடிக்கப் போகிறேன்.

நான் உங்களுக்குப் பயந்த ஐந்து மாதங்களைப் பற்றி எழுதுகிறேன். பயந்தேன் என்று சொன்னால் இப்போது பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். உங்கள் தலைமாட்டில் இருந்து உங்களோடு வாய்க்கு வாய் கொடுத்துக்கொண்டிருந்தவளை மட்டும்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகளுக்கு மூக்குக் குத்துவதில்லை. "காது குத்தி அழவைச்சது காணும்" என்று ஐயா சொல்லிவிட்டார். ஆனால் உங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. மாமாவின் குடும்பத்தில் மூத்த மகனுக்கு வருகிறவள் மூக்குத்தியோடுதான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும், அதுவும் மாமியார் போட்டிருந்த அதே மூக்குத்தியோடு. ஐந்து சிவப்புக் கல் பதித்த பழைய நகை அது. உங்களுக்கு அது உங்கள் மாமியாரிடமிருந்து வந்தது. மாமா காலமான அன்று நீங்கள் கழற்றி, வெள்ளைத் துணியில் முடிந்து வைத்ததை எடுத்து, கலியாணத்துக்கு முதல் நாள் மாமாவின் தமக்கை கையில் கொடுத்துவிட்டீர்கள். எல்லாரும் பெரிய மாமி என்று கூப்பிடுகிற அவர்தான் உங்கள் பக்கத்து வழக்கங்களுக்கெல்லாம் காவல்காரி. நீங்கள் நல்ல காரியங்களில் முன்னுக்கு வருவதில்லை என்பதால் மூக்குத்தியை எனக்குப் போட்டதும் அவர்தான்.

என் மூக்கைக் குத்தி மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. பத்தர் மெல்லிய தங்கக் கம்பி ஒன்றை வளையமாக விட்டிருந்தார். அது பேசாமல் ஆறிக்கொண்டு வந்தது. அந்தப் பழைய மூக்குத்தியின் தண்டோ கம்பியைப் போல மூன்று மடங்கு தடிப்பு. பெரிய மாமி நல்லெண்ணெய் தடவி, என் தலையைத் தன் மடியில் அமர்த்திப் பிடித்து, ஒரே அமுக்காக அமுக்கி உள்ளே விட்டுச் சுரையைத் திருகினார். கண்ணில் பொறி பறந்தது. கலியாணப் படத்தில் என் மூக்கு வீங்கி இருப்பதைப் பார்த்து, "பிள்ளை அழுதுபோட்டாள் பாவம், வீட்டை விட்டுப் போறாளெல்லே" என்று எல்லாரும் இரங்கினார்கள். நான் அழுதது வீட்டை நினைத்து அல்ல.

அதோடு ஒரு கட்டளையும் வந்தது. தைப்பூசத்தில் புதிர் எடுக்கும் வரைக்கும், அதாவது புது நெல்லின் முதல் கதிர் வீட்டுக்கு வந்து முதல் சோறு ஆக்கும் வரைக்கும், மூக்குத்தியைக் கழற்றவே கூடாது. கழற்றினால் அந்த வருஷ விளைச்சலுக்கும் ஆகாது, கட்டினவனுக்கும் ஆகாது. ஆவணியில் கலியாணம், தையில் பூசம். ஐந்து மாதம் என்ன பெரிய காரியம் என்று நானும் தலையாட்டிவிட்டு அக்கராயனுக்கு வந்து சேர்ந்தேன்.

அப்போது அங்கே குடியேற்றக் கொலனி திறந்து நாலைந்து வருஷம்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னும் காடு. பெரிய மாமியும் மற்றச் சொந்தக்காரரும் ஊரிலேயே இருக்க, உங்கள் மகன் காணி கிடைத்ததென்று உங்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் பின்னால் ஒரு குசினியும். எனக்கு அங்கே தெரிந்த முகம் என்று உங்கள் இரண்டு பேரின் முகமும்தான். அதில் ஒன்று சிரிக்கும். மற்றது சிரிக்காது. நீங்கள் கோபக்காரி அல்ல என்பது எனக்கு அப்போது தெரியாது. வெறும் பேச்சுக் குறைந்தவர். பேச்சுக் குறைந்த மாமியாரும் கோபமான மாமியாரும் புது மருமகளுக்கு ஒரே ஆள்தான்.

முதல் மாதம் சிவந்து நீர் வடிந்தது. "புதுத் துளை, அப்பிடித்தான் இருக்கும். மஞ்சளைப் பூசு. ஒட்டிப்போகாமல் விடிய விடியத் திருகிவிடு" என்றீர்கள். ஒவ்வொரு விடியலிலும் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். இரண்டாம் மாதம் தண்டுக்குப் பக்கத்தில் கொத்தமல்லி விதை அளவில் ஒரு முளை வந்தது. மஞ்சள், வேப்பிலை, சுடுதண்ணீர், எல்லாம் செய்து பார்த்தோம். கொஞ்சம் வற்றும், பிறகு வீங்கும். ஐப்பசியில் விதைப்பு முடிந்து களை பிடுங்கக் குனிகிற நேரத்தில், சுரை என் மேலுதட்டை நோக்கிக் கீழே இறங்கி நிற்பதை உணர்ந்தேன். முகம் பார்க்கிற கண்ணாடியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால், குத்தின இடத்தில் மூக்குத்தி இல்லை. குத்தின இடத்தில் ஒரு சிவந்த கோடு மட்டும் இருந்தது. மூக்குத்தி கோட்டின் அடுத்த முனையில், ஓரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.

உங்கள் மகனுக்கு எதிலும் பகிடிதான். "இஞ்சேர், உம்மட மூக்குத்தி பயணம் வெளிக்கிட்டிட்டுது. அடுத்த கிழமை வாய்க்கு வந்திடும், பேந்து உமக்குத் தங்கப்பல்" என்றார். நான் அழுததைக் கண்டதும் பகிடியை விட்டுவிட்டு, "அம்மாட்டைச் சொல்லுவமோ?" என்று கேட்டார். வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். புருஷன் இழந்த பெண் தன் மூக்கிலிருந்து கழற்றித் தந்த நகை. அதை என் மூக்கு ஏற்கவில்லை என்று எந்த வாயால் உங்களிடம் சொல்வது? வந்து மூன்று மாதத்தில் இதைச் சொல்லிவிட்டு, காட்டுக்கு நடுவில் உங்களோடு எப்படி மிச்சக் காலத்தைப் போக்குவது? அதுதான் என் பயம். மூக்குப் போவது இரண்டாவது.

மூக்கு உண்மையிலேயே போகும் என்று சொன்னவர் திரேசாக்கா. முல்லைத்தீவுக் கரையிலிருந்து சிவப்பு பஸ்ஸில் பரந்தனுக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, கருவாட்டுக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கொலனி முழுவதும் வருவாரே, அவர்தான். என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட. அன்று நீங்கள் வயலில். கடகத்தை இறக்கினவர் பாரைக் கருவாட்டின் விலையைக்கூடச் சொல்லாமல் என் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, உது ஆறாது" என்றார்.

"ஏன் அக்கா? மஞ்சள் பூசுறன்தானே."

"மஞ்சள் என்ன செய்யும்? எங்கட மனிசனுக்கு உள்ளங்கையில கெளிறு மீன் குத்தி முள்ளு முறிஞ்சு நிண்டது. குத்தினது நடுவில. மூண்டு மாதம் கழிச்சு வெளியில வந்தது பெருவிரலுக்குக் கிட்ட. உடம்பு தனக்குச் சொந்தமில்லாத சாமானை உள்ளுக்கு வைச்சிராது. மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போய்ப் படலைக்கு வெளியில விட்டிடும். உன்ர மூக்கு இப்ப அதைத்தான் செய்யுது."

"பேந்து?"

"பேந்தென்ன? நீ கழட்டினால் கோடு. கழட்டாட்டி ஓரம் மட்டும் வந்து அறுத்துக்கொண்டு விழும். பாரன், இன்னும் ஒரு நெல்லளவு தோல்தான் கிடக்கு. உள்ளுக்குத் தண்டு தெரியுது."

நெல்லளவு என்ற சொல்லைக் கேட்டதும் நாளை எண்ணிப் பார்த்தேன். பூசத்துக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. நெல்லளவுத் தோல் அவ்வளவு நாள் தாங்காது. கழற்றலாம் என்று பார்த்தால் சுரை அசையவில்லை. திரேசாக்கா தேங்காயெண்ணெய் வாங்கி விரலில் பூசிக்கொண்டு, "அந்தோனியாரே" என்று ஒரு கூப்பீடு போட்டுவிட்டு, மீன் செவுள் கிள்ளிப் பழகிய விரலால் இரண்டு திருகில் கழற்றிவிட்டார். நோகவே இல்லை. மூக்கில் இரண்டு நாள் கருவாட்டு மணம் நின்றதுதான் மிச்சம். அவர் போனபின் மூக்குத்தியைக் கழுவித் துடைத்து, கூறைச் சேலையின் தலைப்பில் முடிந்து, றங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். வைத்துவிட்டு நிமிர்ந்தபிறகுதான் வெறும் மூக்கோடு உங்கள் முன்னால் எப்படிப் போய் நிற்பது என்ற யோசனையே வந்தது.

அதே பெட்டிக்குள்தான் வழியும் கிடந்தது. கலியாணத்துக்கு நெற்றியில் கட்டிய கில்ட்டுப் பட்டத்திலிருந்து கழன்ற ஒரு சின்னப் பூ. சிவப்புக் கண்ணாடிக் கற்கள், தட்டையான முதுகு. எட்டத்தில் நின்று பார்த்தால் உங்கள் மூக்குத்தியின் தங்கச்சி என்று சொல்லலாம். வேலியோரத்து விளாத்தியில் பிசின் கிள்ளி, சிரட்டையில் ஊறப்போட்டு, கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். புண்ணில் படாமல் கொஞ்சம் மேலே தள்ளி, ஒரு சொட்டுப் பிசினில் பூவை ஒட்டிக்கொண்டு அன்று மாலை உங்களுக்கு மூக்குப்பேணியில் தேத்தண்ணீர் கொண்டு வந்து தந்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். குடித்தீர்கள். பேணியைத் திருப்பித் தந்தீர்கள். மாமிக்குக் கண் குறைவு, தப்பிவிட்டேன் என்று குசினிக்குள் போய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப்பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அடுப்பு ஊதினால் பிசின் இளகும். வேர்த்தால் வழுக்கும். தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடுவேன். கார்த்திகை மழையும் மார்கழி மழையும் கொலனிக்குச் சந்தோசம், எனக்கு மட்டும் கண்டம். உங்கள் மகன் எனக்கு உடந்தை. பூ சரிந்தால் அவர் தன் மூக்கைச் சொறிவார், நான் போய்ச் சரிசெய்துகொண்டு வருவேன். ஒருநாள் அவருக்கு உண்மையிலேயே தடிமன் வந்து மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் நாலுமுறை கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஓடினேன். நீங்கள் உளுந்து புடைத்துக்கொண்டே, "பிள்ளைக்கு வயித்துக்குள்ள சரியில்லையோ?" என்று கேட்டீர்கள்.

ஒன்றை மட்டும் நல்லதாகச் சொல்ல வேண்டும். கழற்றின பிறகு புண் ஆறத் தொடங்கிவிட்டது. முளை வற்றியது, சிவப்பு மங்கியது, துளை தானாகவே ஒட்டிக்கொண்டது. என் மூக்கு எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. உங்களோடு ஒரே பாயில் இருந்து கீரை ஆய்வேன், உங்கள் காலுக்கு எண்ணெய் தேய்ப்பேன், எந்த நேரமும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருப்பேன். உங்களோடு நேருக்கு நேர் ஒரு கதை கதைக்க எனக்கு முடியவில்லை.

தைப்பூசம் வந்தது. பெரிய மாமியும் இன்னும் இரண்டு மூன்று பேரும் யாழ்ப்பாணத்திலிருந்து றெயிலில் கிளிநொச்சிக்கு வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். நல்ல நேரத்தில் உங்கள் மகன் வயலுக்குப் போய்ப் பால் முற்றிய கதிரில் ஒரு பிடி அறுத்துக்கொண்டு வந்தார். அந்த நெல்லைக் குத்தி, பழைய அரிசியோடு கலந்து, தேங்காய்ப்பால் விட்டுப் புதிர்ச் சோறு ஆக்கினோம். ஆக்கியது நீங்கள். பரிமாற வேண்டியது மூத்த மருமகள். பெரிய மாமி முதல் இலையில் இருந்தார். நான் கொதிக்கக் கொதிக்கச் சோற்றை அள்ளிக்கொண்டு குனிந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. பூ இறங்குவது எனக்குத் தெரிந்தது. இரண்டு கையும் சட்டியில் இருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பெரிய மாமியின் இலையில், வெள்ளைச் சோற்றுக்கு நடுவில், பூ போய் விழுந்தது.

அவர் அதை இரண்டு விரலால் எடுத்து, வாழையிலையில் துடைத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு என் மூக்கைப் பார்த்தார். "இதென்ன பித்தளைப் பூ? எங்கையடி மூக்குத்தி?" என்றார். உங்கள் மகன் எழும்பப் பார்த்தார். சட்டியைக் கீழே போட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றதுதான் என்னால் முடிந்தது.

அப்போது குசினி வாசலில் நீங்கள் வந்து நின்றீர்கள், கையில் அகப்பையோடு. மாமா போனபிறகு ஒரு நல்ல நாளிலும் நீங்கள் அந்த வாசலைத் தாண்டி முன்னுக்கு வந்ததில்லை. அன்று தாண்டி வந்து, விறாந்தை நடுவில், எனக்குப் பக்கத்தில் நின்றீர்கள்.

"நான்தான் கழட்டச் சொன்னனான் மச்சாள்" என்றீர்கள்.

"புதிர் எடுக்க முந்தியோ?"

"ஓம், முந்தித்தான். பிள்ளையின்ர மூக்கு அதுக்கு இணங்கேல்லை. மூக்குத்தியை இன்னொரு மூக்கில போடலாம். மூக்கை எங்கை போய் வாங்கிறது?"

"தம்பி இருந்திருந்தால் என்ன சொல்லுவான் எண்டு யோசிச்சியோ?"

"உங்கட தம்பி இருந்திருந்தால் எனக்கு முந்தி அவரே கழட்டியிருப்பார். வயலைப் போய்ப் பாருங்கோ, கதிர் நிலத்தைத் தொடுது. உங்கட தம்பியின்ர மகன் பக்கத்தில கல்லுப்போல இருக்கிறான். ஒண்டும் கெட்டுப்போகேல்லை. சோறு ஆறுது, சாப்பிடுங்கோ."

பெரிய மாமி உங்களை ஏற இறங்கப் பார்த்தார். அவரிடம் நீங்கள் இத்தனை சொல் ஒரே மூச்சில் பேசியது அதுதான் முதல்தரம் என்று நினைக்கிறேன். பூவை இலையின் ஓரத்தில் வைத்துவிட்டு, "சரி, சர்க்கரையை இஞ்சாலை தள்ளு" என்றார். உங்கள் மகன் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

எல்லாரும் சாப்பிட்டுச் சரிந்தபின், நீங்கள் கிணற்றடியில் பானை தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன். ஐந்து மாதமாகச் சேர்த்து வைத்த அழுகை எல்லாம் ஒன்றாக வந்தது. நீங்கள் பானையை நிறுத்தவில்லை.

"மாமி, மூக்குத்தி பத்திரமாய்க் கிடக்கு. துலைக்கேல்லை."

"தெரியும். கூறைத் தலைப்பில முடிஞ்சிருக்கு."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. "எப்பிடித் தெரியும்?"

"நீ இல்லாத நேரம் பெட்டியைத் திறந்து பார்த்தனான். பிழைதான். வித்துப்போட்டியோ, துலைச்சுப்போட்டியோ எண்டு முதல் நாள் எனக்குப் பதகளிப்பு."

"முதல் நாளே கண்டிட்டீங்களோ?"

"ஐஞ்சு கல்லு ஆறு இதழாய் நிக்குது, எனக்கென்ன கண் பொட்டையோ? அந்த மூக்குத்தியை நான் இருபத்தெட்டு வருஷம் போட்டிருந்தனான்."

உண்மையைச் சொல்கிறேன் மாமி, நான் அந்தப் பூவின் இதழை எண்ணிப் பார்க்கவே இல்லை. இரண்டு மாதமாக ஒட்டி ஒட்டிக் கழற்றிய எனக்கு அது ஆறு இதழ் என்பது அன்றுதான் தெரிந்தது.

"பேந்து ஏன் ஒண்டும் சொல்லேல்லை?" என்று கேட்டேன். நீங்கள் சாம்பலைத் தொட்டுப் பானையின் அடியை இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தீர்கள்.

"நீயாய் வந்து சொல்லுவாய் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். ஒவ்வொரு நாளும் பார்த்தனான். நீ மூஞ்சையைத் திருப்பித் திருப்பிப் போறாய். ஒரு பிள்ளை எனக்கு இவ்வளவு பயந்துகொண்டு இந்த வீட்டுக்குள்ள நடக்குதே எண்டு எனக்குத்தான் வெக்கமாய்ப் போச்சு. கழட்டு எண்டு நான்தான் முதல் சொல்லியிருக்கோணும். புண்ணைக் கண்டுகொண்டு, திருகு திருகு எண்டு சொன்னவளும் நான்தானே. அவரின்ர நினைவு அதில கிடந்தது. வாய் வரேல்லை."

பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். சிரிப்பு உங்கள் முகத்தில் எங்கே இருந்து வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கண்ணின் ஓரத்தில் இருந்து வந்தது.

"ஏன் பிள்ளை, இரண்டு மாதம் மழைக்காலம். மரத்தில ஒரு துளி பிசின் இல்லை. உன்ர சிரட்டையில மட்டும் எப்பிடிக் குறையாமல் கிடந்தது? தானாய் ஊறுதெண்டு நினைச்சியோ?"

அப்படித்தான் நினைத்திருந்தேன் மாமி. பனியில் ஊறிப் பெருகுகிறது என்று நினைத்திருந்தேன். நீங்கள் வெயில் காலத்தில் கிள்ளிக் காயவைத்து முடிந்து வைத்திருந்த பிசினில், இரண்டு நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து, கோழிக்குத் தீன் போடப் போகிற சாட்டில் என் சிரட்டைக்குள் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் உங்களிடமிருந்து ஒளிப்பதற்கு நீங்களே பிசின் தந்திருக்கிறீர்கள். நாங்கள் இரண்டு பேரும் கிணற்றடியில் இருந்து சிரித்த சிரிப்பில், பெரிய மாமி எழும்பி வந்து, "இதுகளுக்கு என்ன பிடிச்சுது?" என்று கேட்டார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே நேரத்தில் "ஒண்டுமில்லை" என்றோம். எங்கள் வீட்டில் நாங்கள் ஒன்றாகச் சொன்ன முதல் பொய் அது. பிறகு எத்தனையோ சொல்லியிருக்கிறோம், பெரும்பாலும் உங்கள் மகனுக்கு.

மூக்குத்தியை நீங்கள் திரும்ப வாங்கவில்லை. "உன்னட்டையே கிடக்கட்டும். ஆரும் ஆசைப்பட்டுக் கேட்டால் குடு. கேளாட்டிக் குடாதை" என்றீர்கள். உங்கள் பேத்திக்குப் பத்து வயதாகிறது. இன்னும் கேட்கவில்லை. பெரிய மாமி போன ஆவணியில் வந்தபோது, "பெட்டைக்கு மூக்குக் குத்தேல்லையோ?" என்றார். "அவள் கேக்கட்டும்" என்று நான் சொன்ன விதத்தில் உங்கள் குரல் இருந்ததை அவரும் கண்டுகொண்டார்.

என் மூக்கில் இப்போது வலப்பக்கத்தில் ஒரு சாய்ந்த கோடு மட்டும் இருக்கிறது, நடுவில் தொடங்கி ஓரத்துக்கு ஒரு நெல்லளவு முன்னால் நிற்கிறது. தெரியாதவர்கள் பார்த்தால் மூக்கைச் சுவரில் இடித்துக்கொண்டாள் என்று நினைப்பார்கள். நான் அதற்குப் பவுடர் போட்டு மறைப்பதில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

கடைசி இரண்டு வருஷத்தில் உங்கள் கண் மெய்யாகவே போய்விட்டது. படலம் படர்ந்து, வெளிச்சமும் இருட்டும்தான் மிச்சம். ஆசுபத்திரிக்குப் போவோம் என்றால், "கண்ணில கத்தி வைக்க விடமாட்டன்" என்று பிடிவாதம். நடையை வைத்தும் குரலை வைத்தும் ஆட்களை அறியலாம்தான். ஆனால் நீங்கள் அப்படிச் செய்யவில்லை. நான் கட்டிலுக்குக் கிட்ட வந்தால் பேசாமல் கையை நீட்டுவீர்கள். விரல் என் நெற்றியில் தொடங்கி, புருவத்தால் இறங்கி, மூக்கின் வலப்பக்கத்தில் வந்து அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்து நிற்கும். "நீதான்" என்பீர்கள். பிறகுதான் தண்ணீர் கேட்பீர்கள், வெற்றிலை கேட்பீர்கள், வயலில் தண்ணீர் நிற்கிறதோ என்று கேட்பீர்கள். ஒருநாள் உங்கள் சின்ன மருமகள் கொழும்பிலிருந்து வந்தவள், என் சேலையைக் கட்டிக்கொண்டு பேசாமல் முகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். விரல் வந்து வழுவழுப்பான மூக்கில் நின்றது. "கள்ளி" என்று அவள் கன்னத்தில் தட்டினீர்கள். அவள் சிரித்தாள். எனக்கு ஏனோ மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

என் உடம்பு ஏற்காத ஒன்றுக்காக நீங்கள் என்னை வெறுக்கவில்லை மாமி. அது விட்டுப்போன தடத்தை என் பெயராக வைத்துக்கொண்டீர்கள். மாமியார் தந்த நகையைப் போட்டுக்கொண்டிருக்கிற மருமக்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தியையும் பார்த்து நான் பொறாமைப்பட்டதில்லை.

கடைசி நாள் விடியற்காலையிலும் கையை நீட்டினீர்கள். விரல் நெற்றியில் கொஞ்ச நேரம் நின்றது. இறங்கச் சத்தில்லை. நான் உங்கள் விரலைப் பிடித்துக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தேன். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. உங்களுக்காக நானே சொன்னேன்.

இப்போதும் காலையில் கிணற்றடியில் முகம் கழுவும்போது என் விரல் போய் அந்தக் கோட்டில் ஒரு கணம் நிற்கிறது. நானாகக் கொண்டுபோவதில்லை, தானாகப் போகிறது. பக்கத்தில் ஒருவரும் இல்லாவிட்டால் வாய்விட்டே சொல்லிக்கொள்கிறேன்.

ஓம் மாமி, நான்தான்.